பாட்டில் மட்டும் கிடைத்த அனுமதி

இந்திப் படங்களில் பெண்ணின் காதல் ஆசைக்குப் பாட்டில் தாராளமாக இடமுண்டு. கதைக்குள் அது சட்டென்று சுருங்கிவிடுகிறது. 1995-இல் வந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ படத்தின் சிம்ரன், முகம் தெரியாத காதலனை நினைத்து மழையில் ஆடுகிறாள். கஜோல் அந்த ஆசையைத் துளியும் கூச்சமில்லாமல் காட்டுவது இன்றும் மனதை அள்ளுகிறது. பஞ்சாபிலிருந்து கல்யாணக் கடிதம் வந்ததும் அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. பிறகு தாயே நகைகளைக் கொடுத்து ஓடிப்போகச் சொல்கிறாள். தந்தையின் சம்மதமில்லாமல் அழைத்துப்போக நாயகன் மறுக்கிறான். கடைசியில் விரும்பியவனோடுதானே சேர்கிறாள் என்று கேட்கலாம். சேர்கிறாள்தான். ஆனால் ரயில் நகரும்போதுகூட, தந்தை கையை விட்ட பிறகே அவளால் ஓட முடிகிறது. முடிவெடுத்தவள் அவளல்ல.

வேறு மாதிரி எடுத்தால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பார்கள். 1965-இலேயே ‘கைடு’ படத்தின் ரோஸி, அன்பில்லாத கணவனை விட்டு வெளியேறி நடனத்தையும் காதலையும் தேடிக்கொண்டாள். அந்த வேடத்துக்காக வஹீதா ரஹ்மானுக்குச் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. ஆகவே பழியை ரசிகர்கள்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. 2017-இல் ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’வுக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தபோது, படம் பெண்களை மையப்படுத்தியது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. அதில் 55 வயது விதவை ஒருத்தி காதல் நாவலை ஒளித்துவைத்துப் படிக்கிறாள். மேல்முறையீட்டுக்குப் பிறகே, ‘ஏ’ சான்றிதழோடு, அந்த ஜூலையில் படம் திரைக்கு வந்தது.