கருங்கல் தீவில் சுண்ணாம்பு விழுது

பினாங்கின் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகர் படத்தோடு கேட்டிருக்கிறார். வாசலில் புதிதாகப் பாவிய கான்கிரீட் கற்களும் பக்கத்தில் வைத்த சிமெண்ட் பூச்சட்டிகளும் மழை பிடித்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டனவாம். "கொத்தனார் கடல்காற்றின் உப்பு என்கிறார். கடைக்காரர் மட்டமான சிமெண்ட் என்கிறார். யாரை நம்புவது?"

இருவரையும் நம்ப வேண்டாம். சிமெண்ட் எவ்வளவு நன்றாக இறுகினாலும் அதற்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். இறுகிய சிமெண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதுதான். இது ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் கரையும். குளிர்ந்த நீரில் இன்னும் கூடக் கரையும் என்பது இதன் வினோதம். கான்கிரீட்டின் மயிரிழைத் துளைகளில் புகும் மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே காற்றிலுள்ள கரியமில வாயு சேர்ந்ததும் அது கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக மாறிவிடுகிறது. இந்தச் சுண்ணாம்புக் கல்லின் கரைதிறனோ சுண்ணாம்பின் கரைதிறனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு.

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் பெர்ரி ஏறும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புதான் பயணி, மழைநீர்தான் பெர்ரி. படகுத்துறையிலேயே கரியமில வாயு காத்திருந்து கல்யாணத்தைப் பதிந்துவிடுகிறது. கட்டிய பிறகு உடம்பு பெருத்துவிடுவதால் நூறு பேர் வந்த படகில் திரும்ப ஒருவருக்குத்தான் இடம். மற்றவர்கள் துறைமுகத்திலேயே வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய பெர்ரியிலாவது வருவதற்குத்தான் கட்டணம், திரும்பிப் போவது இலவசமாக இருந்தது. இங்கே அப்படியே தலைகீழ். வெயில் காலத்தில் படகு நடுக்கடலிலேயே வற்றிவிடும். நீர் துளைகளுக்குள்ளேயே ஆவியாகிவிடுவதால் கல்யாணமும் உள்ளேயே முடிந்து, வெளியே யாருக்கும் தெரியாது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஈரம் மேற்பரப்பிலேயே தங்குவதால்தான் வாசகரின் கற்கள் மழையில் பூத்தன.

இதைவிட நல்ல வேடிக்கை தலைக்கு மேலே நடக்கிறது. கார் நிறுத்தும் கான்கிரீட் கூரை விரிசலில் நீர் கசிந்தால், அடியில் மெல்லிய வெள்ளைக் குழல்கள் தொங்கும். பினாங்குத் தீவு கருங்கல் தீவு. சுண்ணாம்புக் குகையில் விழுது பார்க்க வேண்டுமென்றால் பேராக்குக்குப் போய் கோப்பேங் அருகிலுள்ள குவா தெம்புரோங்கில் நுழைய வேண்டும். ஆனால் ஜார்ஜ்டவுனில் ஏதாவது பழைய அடுக்குமாடிக்குக் கீழே அண்ணாந்து பார்த்தாலே போதும்.

இரண்டும் ஒரே கல்தான், ஆனால் பிறக்கும் விதம் நேர் எதிர். குகைத் துளி தன்னிடமுள்ள கரியமில வாயுவை வெளியே விட்டதும் கல் படிகிறது. கான்கிரீட் துளி வாயுவை உள்ளே இழுத்ததும் கல் படிகிறது. குகை விழுது ஆண்டுக்குச் சராசரியாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்வதே பெரிது. கான்கிரீட் குழலோ அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக நீளும். சொட்டு மெதுவாக விழும் குழலாகத் தேர்ந்து, பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். தொங்கும் துளியின் தோலில் சின்னஞ்சிறு வெள்ளைச் செதில்கள் உருவாகி மெல்ல மிதந்து சுற்றும். அவை குழலின் விளிம்பில் ஒட்டிக்கொள்ள, குழல் ஒரு வளையம் நீள்கிறது. விரலால் தொட்டுவிடாதீர்கள். குழல் பொடிந்துவிடும், நீரின் காரமும் தோலை எரிக்கும்.

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்காக: ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு 1867இல் முதலில் காப்புரிமை எடுத்தவர்களில் ஒருவர் ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர். பாலத்துக்கோ மாடிக்கோ அல்ல, செடித் தொட்டிக்காகத்தான் எடுத்தார். போதும்.

இப்போது கடைகளில் 'கரியமில வாயுவைக் குடிக்கும் பசுமைக் கல்' என்ற விளம்பரம் வந்திருக்கிறது. பொய்யென்று சொல்ல முடியாது. வாசகரின் வெள்ளைப் பூப்பும் அதைத்தான் செய்கிறது: ஒரு கிராம் வெள்ளையில் 0.44 கிராம் கரியமில வாயு இருக்கிறது. ஆனால் அந்தச் சிமெண்டைச் செய்ய, பேராக்கில் உள்ளது போன்ற ஒரு சுண்ணாம்பு மலையை உடைத்து, ஏறத்தாழ 1,450 டிகிரி சூளையில் சுட்டு, அதே வாயுவை வெளியேற்றித்தான் ஆக வேண்டும். எரிபொருளின் புகை வேறு. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டின் கணக்கில் வருகிறது. கல் திரும்பக் குடிப்பது பல ஆண்டுகளில், சில மில்லிமீட்டர் ஆழத்தில், கொஞ்சம்தான்.

படத்தின் ஓரத்தில் இன்னொன்று தெரிகிறது. வாசகர் அதைக் கேட்கவேயில்லை. சிமெண்ட் ஓரமாக நட்ட வெட்சிச் செடியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. அதே சுண்ணாம்புதான் காரணம். கசியும் நீர் மண்ணைக் காரமாக்குகிறது. வெட்சி அமில மண்ணில் வளர்வது. கார மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாது. இரும்பு உரம் வாங்கித் தூவுவதற்கு முன், செடியைச் சிமெண்டிலிருந்து ஒரு முழமாவது தள்ளி நட்டுப் பாருங்கள். புதுச் சட்டிகளைச் சில வாரங்கள் மழையில் நனையவிட்டு, உள்ளே தேங்கும் நீரைக் கொட்டிவிட்டு, பிறகு நடுங்கள்.

வெள்ளையைப் பொறுத்தவரை, முதலில் காய்ந்த கல்லைக் காய்ந்த முரட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். போகாவிட்டால் நீர் கலந்த வினிகரால் துடைத்து உடனே நிறைய நீர் ஊற்ற வேண்டும். வினிகர் வெள்ளையைக் கரைப்பதோடு சிமெண்டையும் கொஞ்சம் தின்னும். ஒன்றுமே செய்யாவிட்டாலும், இலேசான அமிலமுள்ள மழைநீர் ஓரிரு ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கழுவிவிடும். கடைக்காரர் பரிந்துரைத்த பளபளப்புப் பூச்சை இப்போதே அடிக்க வேண்டாம். உள்ளே இன்னும் ஈரமும் சுண்ணாம்பும் இருக்கும்போது பூசினால், வெள்ளை பூச்சுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் வினிகரும் எட்டாது, பிரஷ்ஷும் எட்டாது.