காகிதம் அலமாரியில், கார் சாலையில்

காகித விஷயத்தில் நான் கண்டிப்பானவன். முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவனுக்கு வேறு வழியில்லை. கேங் டைரி, கேட் ரெஜிஸ்டர், ட்ராலி மெமோ என்று எதிலாவது ஒரு கையெழுத்து விட்டுப்போனால் நான் போட்ட சத்தம் அடுத்த ஸ்டேஷனுக்குக் கேட்கும் என்பார்கள். அப்படிப்பட்டவனை நடுச்சாலையில் நிறுத்தி, "இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினார்" என்று சலான் எழுதினால் எப்படி இருக்கும்? எனக்கு அது நடந்தது. நம் சங்கத்தில் கார், ஸ்கூட்டர் இல்லாத வீடு இன்று அபூர்வம் என்பதால், என் அசட்டுத்தனத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக்கு வந்திருந்த பேரனுக்கு ராம்டேக் மலைக்கோயிலைக் காட்டலாம் என்று நாக்பூரிலிருந்து காலையிலேயே கிளம்பினோம். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். புளியோதரை, தயிர்சாதம், ஃபிளாஸ்கில் காபி என்று என் இல்லாள் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வைத்திருந்தாள். நான்தான் ஒன்றை மறந்திருந்தேன்.

வழியில் வாகனச் சோதனை. இளைஞரான ஒரு கான்ஸ்டபிள் மரியாதையாகவே, "காகா, பேப்பர்ஸ்" என்றார். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா, பெரியவர். முப்பது வருடமாகக் கேட்டும், "நம்மூரில் சாதம் வைத்துவிட்டுக் கூப்பிடுகிற மாதிரியே இருக்குங்க" என்று என் மனைவிக்குச் சிரிப்பு வரும். அன்றும் சிரித்தாள். லைசென்ஸ் கொடுத்தேன், ஆர்.சி. கொடுத்தேன், புகைச் சான்றிதழ் கொடுத்தேன். டாஷ்போர்டு பெட்டியிலிருந்து இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் மிடுக்காக எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது அக்டோபரிலேயே முடிந்துவிட்டதே" என்றார்.

போன வருடத்துக் காகிதம்! புதிய பாலிசியைப் புனேயில் இருக்கும் என் மகன் இணையத்தில் எடுத்துக் கொடுத்தான். வேறு கம்பெனியில் பிரீமியம் குறைவாக இருக்கிறது என்று அந்த வருடம்தான் கம்பெனியை மாற்றினான். அவன் அனுப்பியதைப் பிரதி எடுத்து, ஃபைலில் கோத்து, வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். காருக்குள் வைக்கவில்லை.

"வீட்டில் இருக்கிறது" என்றேன். கான்ஸ்டபிள் தன் கருவியில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தார். அரசாங்கத்தின் 'வாகன்' பதிவேட்டிலும் பழைய தேதிதான் வந்தது. மகனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. என் போனில் தேடத் தெரியாமல் நான் தடவிக்கொண்டிருக்க, பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், "ஏதாவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் சார்" என்று காதோடு சொன்னார். பேரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "முறைப்படி எழுதுங்கள்" என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டேன். 2000 ரூபாய்க்குச் சலான். கொஞ்ச நேரத்தில் போனில் செய்தியும் வந்தது.

கோயிலில் எனக்கு மனம் ஒட்டவில்லை. "இன்ஷூரன்ஸ்தான் இருக்கே, ஏன் தாத்தா ஃபைன்?" என்று பேரன் கேட்டான். அதற்குப் பதில் எனக்கு நன்றாகவே தெரியும். பழுதான பாலத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் காஷன் ஆர்டர் டிரைவர் கையில் இருக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் அது எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் ரயிலுக்குப் பிரயோஜனமில்லை. இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

என்னை உண்மையில் உறுத்தியது 2000 ரூபாய் அல்ல. 1991-ல் என் செக்‌ஷனில் ஒரு கேங்மேன் இருந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது ஒரு ஜீப் மோதி இறந்துபோனார். ஜீப்புக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு அவர் மனைவியை அழைத்துக்கொண்டு நானே பல தடவை போயிருக்கிறேன். அந்த அம்மாளுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் ஜீப்காரரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. ரயில்வே கருணை அடிப்படையில் வேலை கொடுத்ததால் மூன்று குழந்தைகளும் பிழைத்தன. தீர்ப்புக் காகிதம் அந்த அம்மாளின் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. "இன்ஷூரன்ஸ் இல்லாதவன் வண்டியைத் தொடக்கூடாது" என்று அன்றிலிருந்து பேசி வருபவன் நான். அந்த வரிசையில் என் பெயரும் சேர்ந்ததுதான் வலித்தது.

மறுநாள் திங்கட்கிழமை. பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் கட்டவில்லை. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. அது இல்லாமல் ஓட்டினால் 196-வது பிரிவு. முன்பு அபராதம் 1000 ரூபாய் வரை இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 2000, மறு தடவை 4000. மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. இன்ஷூரன்ஸ் இருந்தும் கேட்டபோது காட்டாதது வேறு, சிறிய தவறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை.

பாலிசி, ஆர்.சி., லைசென்ஸ், சலான் நான்கிலும் இரண்டு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போக்குவரத்து போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். கோபமாக இரண்டு பக்கக் கடிதமும் தயார். அங்கே இருந்த பெண் அதிகாரி கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "காகா, இரண்டு சேசிஸ் எண்ணும் ஒன்றாக இல்லையே" என்றார்.

சேசிஸ் எண் பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்டது. அதில் 8 இருக்க வேண்டிய இடத்தில் பாலிசியில் ஆங்கில 'பி' இருந்தது. அதனால்தான் பதிவேட்டில் புதிய பாலிசி ஏறவில்லை. "பாலிசி கொண்டுவந்ததைக் குறித்துக்கொள்கிறேன். திருத்தம் வாங்கி வாருங்கள், பார்க்கலாம்" என்று என் மனுவின் பிரதியில் முத்திரையும் தேதியும் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மகனுக்குப் போன் செய்து தாளித்துவிட்டேன். "இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம், ஒரு நம்பரைச் சரியாக அடிக்கத் தெரியவில்லை" என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, அந்த நம்பரை நீங்கதானே போனில் வாசிச்சுச் சொன்னீங்க? கண்ணாடி போட்டுக்கோங்கன்னு நான் சொன்னேன், வேண்டாம், தெரியுதுன்னீங்க" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. உண்மைதான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஆர்.சி. அட்டையைத் தூக்கிப் பிடித்து, நான்தான் வாசித்தேன். ரயில் விரிசலை நூறடி தூரத்தில் கண்டுபிடிப்பேன் என்று பெருமை அடித்த கண்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஒரு மாதத்தில் என் கார் யார் மீதாவது மோதியிருந்தால்? பாலிசியில் இருப்பது ஒரு எண், வண்டியில் இருப்பது இன்னொரு எண். கம்பெனி அதைக் காட்டி வழக்காடினால், நடுவில் அலைவது யார்? மறுபடியும் ஒரு டிரங்குப் பெட்டி என் கண்முன் வந்து நின்றது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஆர்.சி. பிரதியுடன் திருத்தக் கோரிக்கை அனுப்பினோம். இதற்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். நான்கு நாளில் திருத்திய பத்திரம் வந்தது. பதிவேட்டிலும் புதிய தேதி ஏறியது. சலான் எழுதிய பதினோராம் நாள் மறுபடியும் போனேன். அதே அதிகாரி மேலதிகாரியிடம் எடுத்துப் போய்ப் பேசி, இன்ஷூரன்ஸ் இல்லை என்ற குற்றத்தை நீக்கினார். காகிதம் காட்டாததற்கு 500 ரூபாய். அதற்கும் வாதாட இடமிருக்கிறது என்றார் வக்கீல் நண்பர். அந்தத் தவறு என்னுடையது, கட்டிவிட்டேன். ரசீதை நான் ஃபைலில் வைத்ததைப் பார்த்து, "இதையாவது காரில் வைங்க" என்றாள் என் மனைவி.

எல்லோருக்கும் எல்லா ஊரிலும் இப்படியே சுமுகமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கற்றுக்கொண்டவை உங்களுக்கும் பயன்படும்.

முதலாவது, பாலிசி கைக்கு வந்த அன்றே கண்ணாடி போட்டுக்கொண்டு ஆர்.சி.யுடன் ஒப்பிடுங்கள். பெயர், பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண் நான்கையும் ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எம்பரிவாகன் செயலியில் புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, காகிதம் காரிலும் இருக்கட்டும், போனிலும் இருக்கட்டும். 2018 நவம்பரில் திருத்தப்பட்ட 139-வது விதிப்படி மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும். டிஜிலாக்கரில் நாமே படம் எடுத்து ஏற்றியது வேறு, துறை நேராக வழங்கியது வேறு. பின்னதற்குத்தான் அசலுக்குச் சமமான மதிப்பு. பழைய வருடக் காகிதத்தைக் காரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று வருடமும், புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடமும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும். நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரே வருடம். ஆகவே ஒரே காகிதத்தில் இரண்டு தேதி இருக்கும். போலீஸ் கேட்பது மூன்றாம் நபர் தேதியை. இரண்டாம் வருடம் சேதப் பகுதிக்கு மட்டும் தனிப் பாலிசி எடுத்திருந்தால், பழைய மூன்று வருடப் பத்திரத்தையும் கூடவே வையுங்கள்.

நான்காவது, முடிந்த பிறகு 90 நாள் அவகாசம் உண்டு என்று சிலர் நம்புகிறார்கள். அந்த 90 நாள் நோ கிளெய்ம் போனஸ் போகாமல் இருப்பதற்கு மட்டுமே. கடைசி நாள் நள்ளிரவு தாண்டினால் பாதுகாப்பு இல்லை. அப்போது வண்டியைத் தொடாதீர்கள்.

ஐந்தாவது, சலான் வந்தால் எந்தப் பிரிவு என்று முதலில் படியுங்கள். உண்மையிலேயே பாலிசி இல்லையென்றால் வாதாடாமல் அபராதத்தைக் கட்டி, அன்றே பாலிசி எடுங்கள். பாலிசி இருந்தால் உடனே கொண்டுபோய்க் காட்டி அத்தாட்சி வாங்குங்கள். 158-வது பிரிவு ஏழு நாள் தருகிறது. அதைக் கணக்கில் வையுங்கள்.

போன மாதம் நம் சங்கத்து வாசலில் ஒரு பையன் புது பைக்கில் வந்து இறங்கினான். "தம்பி, இன்ஷூரன்ஸ் காகிதத்தை எடு, ஆர்.சி.யையும் எடு" என்றேன். "அங்கிள், நீங்க ரிட்டயர் ஆகலையா?" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினேழையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.