சுருங்கிய இரைப்பையும் சுருங்காத ஆசையும்

உடல் பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சையைச் சென்னையிலோ புதுச்சேரியிலோ செய்துகொண்டு விருத்தாசலம் திரும்புவோரிடம் உற்றாரும் அண்டை வீட்டாரும் கேட்பது ஒன்றே: "எத்தனை கிலோ குறைந்தது?" சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், மூட்டு வலி ஆகியவற்றை மருத்துவர்களாகிய நாங்கள் கேட்கிறோம். "சாப்பாட்டை இழந்த மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்போர் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்கான விடையையே நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்கும் இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

பசி குறையும், பழக்கம் குறையாது

இப்போது பரவலாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்படுகிறது. எஞ்சியிருக்கும் பகுதி தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லிலிட்டர் வரையே கொள்ளும். பீங்கானுக்குப் பெயர்பெற்ற நம் ஊரில் இதை விளக்குவது எளிது: ஒரு சிறு தேநீர்க் கோப்பையின் அளவு. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீரை 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அது மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் இவ்வறுவையில் நீங்கிவிடுவதால் முதல் மாதங்களில் வயிற்றுப் பசி வெகுவாகத் தணிகிறது.

ஆனால் மாலை நான்கு மணிக்குத் தேநீருடன் பஜ்ஜி உண்ட நாற்பது ஆண்டுப் பழக்கத்தை அறுவைக் கத்தி தொடுவதில்லை. களைப்பிலும் கவலையிலும் தனிமையிலும் துணைநின்ற உணவு திடீரென விலகும்போது, நெருங்கிய ஒருவரை இழந்ததைப் போன்ற துயரம் எழுகிறது. காரணமற்ற அழுகை, எரிச்சல், "ஏன் இதைச் செய்துகொண்டோம்?" என்னும் வருத்தம் ஆகியவை முதல் வாரங்களில் பலருக்கும் வருபவை. இது மன உறுதிக் குறைவன்று, துயரம்தான். அதற்குப் பெயரிட்டு வாய்விட்டுச் சொன்னாலே பாதிச் சுமை இறங்கும்.

சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்று, இவ்வகை அறுவை செய்துகொண்டோரின் வாழ்க்கைத் தரத்தைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முதலாண்டில் அது உச்சத்தை எட்டியது; அடுத்த சில ஆண்டுகளில் எடை ஓரளவு திரும்பியபோது படிப்படியாகச் சரிந்தது; ஆறாம் ஆண்டுக்குப் பின் நிலைபெற்றது. பத்தாம் ஆண்டிலும் பெரும்பாலான அம்சங்களில் அறுவைக்கு முன்பிருந்ததைவிட மேலாகவே இருந்தது. எனவே இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மனம் சோர்ந்தால் "நான் தோற்றுவிட்டேன்" என்று எண்ண வேண்டாம். அந்தச் சரிவு பாதையின் ஒரு பகுதி. வெட்கப்பட்டு மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவதுதான் உண்மையான இடர்.

நோயாளிகளுக்கு

உணவைத் தேடும் எண்ணம் எழுந்தவுடன் ஒரு சிறு குறிப்பேட்டில் நேரத்தையும், அதற்குச் சற்று முன் நடந்ததையும், மனநிலையையும் எழுதுங்கள். இரு வாரங்களில் உங்கள் மனப்பசியின் வழித்தடம் உங்களுக்கே தெரியவரும். அந்நேரத்தில் பத்து நிமிடம் பொறுத்திருங்கள், மணிமுத்தாற்றுப் பக்கம் நடந்து வாருங்கள், ஒருவரிடம் பேசுங்கள். பெரும்பாலும் அலை தணிந்துவிடும்.

உண்ணும்போது சிறு தட்டையும் சிறு கரண்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை, மீன், பருப்பு, தயிர் போன்ற புரத உணவு முதலில், சோறு கடைசியில். நன்கு மென்று இருபது, முப்பது நிமிடம் உண்ணுங்கள். உணவுடன் நீர் அருந்தாமல் அரைமணி நேரம் கழித்து அருந்துங்கள். சூளையருகே வெப்பத்தில் வேலை செய்வோர் ஒரே மூச்சில் சொம்பு நீரைக் குடிக்க இனி இயலாது. பாட்டிலை அருகில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் பருக வேண்டும். இல்லையேல் நீரிழப்பால் வரும் தலைச்சுற்றலும் சோர்வும் மனச்சோர்வைப் போலவே தோன்றும்.

திருமணப் பந்தியும் மாசி மக அன்னதானமும் வரத்தான் செய்யும். ஒதுங்கிவிட வேண்டாம். பரிமாறுவோர் வரிசையில் நில்லுங்கள். பரிமாறுபவரை யாரும் வற்புறுத்துவதில்லை. பின்னர் வீட்டாருடன் அமர்ந்து, "மருத்துவர் சொன்ன அளவு இவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். பிரசாதத்தை ஒரு கிள்ளு எடுத்தாலே அது பிரசாதம்தான். 'பைபாஸ்' வகை அறுவை செய்துகொண்டோர் சர்க்கரைப் பொங்கலை மிகுதியாக உண்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டாருக்கு

நம் வீடுகளில் அன்பு உணவாகவே பேசுகிறது. வந்தவரை "சாப்பிட்டீர்களா?" என்றுதான் கேட்கிறோம். ஆகவே தட்டில் மீதம் வைப்பதைக் காணும் தாய்க்கும் மாமியாருக்கும் மனம் நோவது இயல்பு. எனினும் "இவ்வளவுதானா?" என்பதும், "அறுவை செய்தும் ஆசை விடவில்லையா?" என்பதும் ஒரே அளவு காயப்படுத்தும் சொற்கள். ஒன்று உண்ணத் தூண்டுகிறது. மற்றொன்று ஒளிந்து உண்ணத் தூண்டுகிறது. "இன்று உடம்பு எப்படி இருக்கிறது? நடந்துவிட்டு வரலாமா?" என்று கேளுங்கள்.

அறுவை செய்துகொண்டவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால், தம்மால் உண்ண இயலாததை நாளுக்கு மூன்று வேளை அவரே சமைக்க நேர்கிறது. முதல் இரு மாதங்களேனும் அடுப்படிப் பொறுப்பை மற்றவர் ஏற்றுக்கொள்ளுங்கள். வறுத்த முந்திரியும் பண்ருட்டிப் பலாவும் கண்ணெதிரே இராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிடச் சிறந்த மருந்தை நாங்கள் எழுதித்தர இயலாது.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

உணவின் இடத்தை மது பிடிப்பதுண்டு. அறுவைக்குப் பின், குறிப்பாகப் பைபாஸ் வகையில், மது விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. முற்றிலும் தவிர்ப்பதே நலம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வு, உறக்கமின்மை, உண்பதற்கே அச்சம், உண்டதை வேண்டுமென்றே வாந்தியெடுத்தல் ஆகியவை இருந்தால் காத்திராமல் வாருங்கள். தொடர்ந்து வாந்தி வருவோருக்குத் தயமின் என்னும் வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். அன்றே வர வேண்டும். மனநல மருந்து உட்கொள்வோர் தாமாக நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம்.

இவ்வறுவைக்குப் பின் தற்கொலை எண்ணமும் தன்னைத் துன்புறுத்திக்கொள்வதும் சிலரிடம் அதிகரிப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. "வாழ்ந்து என்ன பயன்?" என்ற சொல் காதில் விழுந்தால் அதை விளையாட்டாக எண்ணாதீர்கள், அவரைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து எனத் தோன்றினால் 108-ஐ அழையுங்கள்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது எடைக் குறிப்புடன் மனக் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். எடை கூடியிருந்தாலும் வாருங்கள். எடை கூடிய நாளில்தான் எங்கள் உதவி உங்களுக்கு மிகுதியாகத் தேவைப்படும்.