மலை இறங்கியதும் கிளம்பிவிடாதீர்கள்: சின்னமனூரில் ஒரு மாலை

மேகமலைக்குப் போகிற எல்லோரும் சின்னமனூரைக் கடந்துதான் போகிறார்கள். விடியற்காலையில் ஒரு டீ, தென்பழநி சோதனைச் சாவடி, பூக்களின் பெயர் சூட்டப்பட்ட 18 கொண்டை ஊசி வளைவுகள், மேலே தேயிலைத் தோட்டமும் அணைகளும் மேகமும். பொழுது சாய இறங்கி வந்ததும் நேராகத் தேனி சாலையைப் பிடித்துவிடுகிறார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்குப் போகிற ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கும் இது கடந்து போகிற ஊர்தான். புறவழிச்சாலை வந்த பிறகு ஊருக்குள் நுழைய வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது.

இருட்டிய பிறகு மேகமலைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. எப்படியும் மாலைக்குள் அடிவாரத்துக்கு வந்தாக வேண்டும். அந்த மாலையைச் சின்னமனூருக்குக் கொடுங்கள். இங்கே கண்ணுக்குப் படுவதும் நாக்குக்குக் கிடைப்பதும் ஓர் ஆற்றின் கொடை. அந்த ஆற்றைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாட்டின் ருசியே வேறு.

ஆறும் வயலும்

நான்கு மணி வெயில் தணியும்போது முதலில் வயல்வெளிக்குப் போக வேண்டும். ஊரை விட்டு மார்க்கையன்கோட்டை பக்கம் திரும்பினாலே போதும், சாலையின் இருபுறமும் நெல்தான். மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலைத் தொடர். நடுவே பச்சைப் பாய்.

இந்தப் பச்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. காய்ச்சலும் காட்டு வெள்ளமும் தொழிலாளர்களைப் பலி கொண்டன. கட்டிய பகுதியையே வெள்ளம் அடித்துப் போனது. எல்லாவற்றையும் மீறி, பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக் 1895-ல் வேலையை முடித்தார். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15 பொங்கலோடு சேர்ந்து வருவதால், இந்த வட்டாரத்தில் பொங்கல் பானை அவருக்காகவும் பொங்குகிறது.

சின்னமனூர் இருக்கிற இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் வாரத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். நீங்கள் போகிற மாதத்தைப் பொறுத்து நாற்றங்கால், நடவு, பால் பிடிக்கும் கதிர், அறுப்பு என்று காட்சி மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து சாரலும் காற்றும் சேர்ந்து வரும். அந்தக் காற்றில் நெற்பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும்.

அவசரப்படாமல் ஒரு மடை அருகே நில்லுங்கள். விவசாயி மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி வரப்பைத் திறக்கிறார். தேங்கி நின்ற தண்ணீர் முதலில் நுரையும் சருகுமாகத் தயங்குகிறது. பிறகு சேற்றைக் கரைத்துக்கொண்டு அடுத்த வயலுக்குள் பரவுகிறது. கொக்குகள் உடனே அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகின்றன. பக்கத்து வயல்காரரின் முறை வரும்வரை இவர் காவல் இருப்பார். தேக்கடி மலைக்குள் நுழைந்து வந்த தண்ணீர் கடைசியில் ஒரு மனிதரின் மண்வெட்டிக்குக் கட்டுப்படுகிற இடம் இது.

குச்சனூர் வழியாக

வயல்களுக்கு நடுவே அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் குச்சனூர். சனீஸ்வரரே மூலவராக, சுயம்புவாக இருக்கிற கோயில். சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் நடக்கும் பெருந்திருவிழாவுக்குப் பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். எள் தீபம் ஏற்றி, காகத்துக்கு அன்னம் வைத்து, கோயிலை ஒட்டி ஓடும் சுரபி நதிக் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

பூலாநந்தீசுவரர் சந்நிதியில்

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சின்னமனூர் திரும்பிவிட வேண்டும். பூலாநந்தீசுவரர் கோயிலில் அந்த நேரம்தான் அழகு. பகல் சூடு வடிந்த கல் தரை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், சிவகாமி அம்மன் சந்நிதியில் பூ கட்டிக்கொண்டே பேசும் பெண்கள். பார்க்கிறவரின் உயரத்துக்கு ஏற்ப லிங்கம் தெரியும் என்பது ஊரின் நம்பிக்கை. அதனால் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்தும் தரையில் நிற்க வைத்தும் காட்டுகிற பெற்றோரை எப்போதும் பார்க்கலாம். பாண்டிய மன்னன் கட்டித் தழுவியபோது இறைவன் குழைந்து கொடுத்தார் என்கிறது தலபுராணம். சித்திரையில் தேரோட்டத்தின்போது ஊரே வடம் பிடிக்க வந்துவிடும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். பாண்டியர் வரலாற்றை எழுதியவர்கள் யாரும் சின்னமனூர்ச் செப்பேடுகளைத் தொடாமல் எழுதியதில்லை. இங்கே கிடைத்தவற்றுள் பெரிய செப்பேடு 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியன் காலத்தது. வடமொழியும் தமிழும் கலந்த அந்த ஏடுகள் பாண்டியர் வழிமுறையைச் சொல்கின்றன. அதோடு, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் அந்தக் குலத்தின் பெருமைகளாகக் குறிப்பிடுகின்றன. தமிழ்ச் சங்கம் பற்றிப் பேசுகிறவர்கள் காட்டும் பழைய சான்றுகளில் இது முதன்மையானது.

அந்த இராசசிம்மன்தான் முதலாம் பராந்தகச் சோழனிடம் தோற்று இலங்கைக்குப் போய், மணிமுடியை அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனவன். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு முதலாம் இராசேந்திரன் அந்த முடியைக் கைப்பற்றினான். அரசு போனது, முடி போனது. செப்பேட்டில் வெட்டிய எழுத்து மட்டும் இந்த ஊரின் பெயரோடு நிலைத்துவிட்டது.

கடைவீதி

கோயிலை விட்டு வெளியே வந்தால் பசிக்கத் தொடங்கியிருக்கும். முதலில் பழக்கடை. இந்தப் பள்ளத்தாக்கின் இரண்டு செல்வங்கள் வாழையும் திராட்சையும். ஆற்றுப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலுமாகச் சின்னமனூரைச் சுற்றி வாழைத் தோட்டங்கள் நிறைய. செவ்வாழை, நாழிப்பூவன், ரஸ்தாளி, பச்சை வாழை, கேரளத்துக்குப் போகிற நேந்திரன் என்று தார்கள் தொங்கும். ஒரு சீப்பாக வாங்காமல் வகைக்கு ஒரு பழமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். செவ்வாழைக்கும் ரஸ்தாளிக்கும் இனிப்பில் எவ்வளவு தூரம் என்பது அப்போதுதான் தெரியும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுத்த தோல், உள்ளே விதை, வாயில் போட்டதும் மூக்குக்கு ஏறும் மணம். பல ஊர்களில் பருவத்துக்கு மட்டும் வருகிற திராட்சை இங்கே ஆண்டின் பெரும்பகுதி பந்தலில் தொங்குகிறது. விதையில்லாத திராட்சை பிடிக்கும் என்றால் பக்கத்து ஓடைப்பட்டிக் காய்ப்பைக் கேளுங்கள்.

அடுத்தது டீக்கடை. மேலே மேகமலையில் தேயிலை, மேற்கே போடி மலையில் ஏலக்காய். இரண்டும் ஒரு கண்ணாடி டம்ளரில் சேர்கின்றன. கூடவே சூடாக வாழைக்காய் பஜ்ஜி, மெதுவடை. தள்ளுவண்டியில் பணியாரம் கிடைத்தால் விடாதீர்கள். இரும்புக் கல்லின் குழிகளில் மாவு ஊற்றி, ஓரம் சிவந்ததும் கம்பியால் ஒரு திருப்பு. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. வெள்ளைப் பணியாரத்துக்குக் காரச் சட்னி, இனிப்புப் பணியாரத்துக்கு எதுவுமே வேண்டாம்.

பரோட்டாக் கல்லுக்கு முன்னால்

எட்டு மணிக்குப் பரோட்டாக் கடைகளில் கல் நன்றாகக் காய்ந்திருக்கும். மதுரை மண்டலத்தின் ராச்சாப்பாடு இதுதான். கடைக்குள் போய் உட்காருவதற்கு முன் வாசலில் நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை மாஸ்டர் தட்டி, பலகையில் ஒரு வீச்சு, இரண்டு வீச்சு. மாவு துணியாக விரிகிறது. பின்னால் இருக்கிற விளக்கு அதன் வழியே தெரியும். மடித்து, சுருட்டி, கல்லில் போட்டு, சிவந்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் ஒரு அடி. அந்த அடியில்தான் அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. “பிச்சுப் போடவாண்ணே?” என்று கேட்பார்கள். தலையாட்டினால் இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்க சால்னா ஊற்றுவார்கள். தேங்காயும் சோம்பும் பட்டையும் மணக்கிற அந்தச் சால்னாவில் பரோட்டா ஊற இரண்டு நிமிடம் பொறுங்கள். கூட ஒரு கலக்கி, பசியிருந்தால் ஒரு கறிதோசை.

அசைவம் சாப்பிடாதவர்கள் இட்லி, தோசைக் கடைகளை நம்பிப் போகலாம். எங்கே போனாலும் வாழை இலை இருக்கும். அதற்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தேனியிலிருந்து குமுளி, கம்பம் போகும் பேருந்துகள் சின்னமனூர் வழியாகப் போகின்றன. ரயிலில் வருகிறவர்கள் தேனியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். ராத்தங்கல் சின்னமனூரிலோ தேனியிலோ வைத்துக்கொண்டு, மறுநாள் விடியலில் மேகமலை ஏறுவதும் நல்ல திட்டம்தான். வயலில் இறங்குவதற்கு முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆற்றிலும் வாய்க்காலிலும் பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள். அந்தத் தண்ணீர் இங்கே பாய்ந்துவிட்டு, வைகையில் கலந்து, மதுரைக்கும் போகிறது.

மலையைப் பார்க்க நாள் ஒதுக்குகிறவர்கள், அந்த மலைத் தண்ணீர் சோறாகவும் பழமாகவும் மாறுகிற ஊருக்கு ஒரு மாலையாவது ஒதுக்க வேண்டும். அடுத்த முறை புறவழிச்சாலையில் சின்னமனூர் என்ற பலகையைப் பார்த்தால், வண்டியை ஊருக்குள் திருப்புங்கள்.