ஒரே நோய், ஒரே மருந்து, வேறு அளவு

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் அக்கா பையனுக்கும் பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கும் ஒரே ரத்தப் புற்றுநோய்தான் என்கிறார்கள். அப்புறம் ஏன் மருந்தளவு மட்டும் வேறு?”

அந்த ஊர்க்காரருக்குப் பட்டறையை வைத்தே சொல்லிவிடலாம். என் அப்பா அங்கே பக்கத்தில் கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். பட்டறை அலமாரியில் எல்லாப் பாகங்களின் டிராயிங்கும் இருக்கும். மேசைக்கு எது வருகிறதோ அந்த வேலைதான் அன்றைக்கு நடக்கும். மரபணுக்களும் அப்படியே. எல்லா உயிரணுவிலும் இருக்கின்றன, எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. 1999-இல் அமெரிக்காவில் டாட் கோலப் குழுவினர் 38 நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் 6,817 மரபணுக்களின் வேலையை அளந்தார்கள். அந்தக் கணக்கை வைத்தே இருவகை ரத்தப் புற்றுநோய்களைப் பிரித்தும் காட்டினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விநோதம், இந்த நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தில் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் நடத்திய ஆராய்ச்சியில் பிறந்த குடும்பத்து மருந்து அது. ஃபோலிக் அமிலத்தின் சாயலில் இருப்பதால், நோயணு (புற்றுநோய் உயிரணு) ஏமாந்து அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுக்கும் புரதத்துக்கான மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சில குழந்தைகளின் நோயணுவில் 46-க்குப் பதில் 50-க்கு மேல் குரோமோசோம்கள்; 21-ஆவதும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். டிராயிங்குக்குக் கூடுதல் நகல், ஆகவே புரதமும் அதிகம். எந்தக் கோளாறால் நோய் வந்ததோ, அதுவே மருந்தை நிறைய உள்ளே இழுத்து நோயணுவைச் சாகடிக்கிறது! டி-செல் எனப்படும் வெள்ளையணுவில் தோன்றும் வகையில் நிலைமை நேர்மாறு. உள்ளே போன மருந்தைத் தங்கவைக்கும் நொதி அங்கே குறைவு, அதனால் மருந்தை அதிகம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பழைய ஆய்வுகளில் இந்த டி-செல் வகை மேலை நாடுகளைவிடக் கூடுதலாகத் தெரிந்தது.

இந்த வகையெல்லாம் தெரிய, சிகிச்சை தொடங்குமுன் எடுத்த மஜ்ஜை வேண்டும். நம் ஊரிலோ காய்ச்சல் விடவில்லை, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றதும் ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் ஸ்டீராய்டு கொடுத்துவிடுகிறார்கள். மருந்துக் கடையிலேயே வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. ஸ்டீராய்டு இந்த நோயணுக்களையும் கொல்லும். பிள்ளை சில நாள் தெளிவாக இருக்கும். பிறகு நோய் திரும்பும்போது, முதலில் எந்த வகை, எவ்வளவு இருந்தது என்று சொல்லுவது மருத்துவருக்குச் சிரமம். அம்மா, உங்கள் அக்காவிடம் கேளுங்கள்: பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பையனுக்கு என்னென்ன மாத்திரை கொடுத்தார்கள்? அந்தச் சீட்டுகள் இருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.