மூன்று கேள்விக்குறி

"பொம்மைப் படத்துக்குப் போய் கண்ணைத் துடைக்கிறியே, வெட்கமா இல்ல?" என்றார் மாமா. டம்ளரில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. டி.வி.யில் 'மாப் சைக்கோ 100' தொடரின் கடைசி எபிசோட் முடிந்து எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. விளக்கித்தான் ஆகவேண்டும். இரண்டாவது டீக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

கதாநாயகன் பெயர் ஷிகெயோ ககெயாமா. எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன். சட்டியைக் கவிழ்த்து வெட்டினது மாதிரி முடி, முகத்தில் ஒரு பாவமும் கிடையாது. எல்லாரும் கூப்பிடுவது 'மாப்' என்று. ஜப்பானிய காமிக்ஸ்காரர்கள் பேச்சில் அதற்கு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நிற்கிற ஆள் என்று அர்த்தம். நம் படங்களில் திருவிழாக் காட்சியில் தலை மட்டும் தெரியுமே, அந்த மாதிரி. ஆனால் இந்தப் பையன் மனது வைத்தால் ஒரு கட்டடத்தையே பெயர்த்துத் தூக்குவான்.

"அப்போ ஹீரோதான். வில்லன் யாரு?"

அவசரப்படாதீர்கள் மாமா. சின்ன வயதில் ஒருநாள் சில பெரிய பையன்கள் வம்புக்கு வருகிறார்கள். அந்தக் கலவரத்தில் மாப் தன்னை மறக்கிறான். சக்தி கட்டவிழ்ந்துவிடுகிறது. நினைவு வந்து பார்த்தால், அடிபட்டுக் கிடப்பது தம்பி ரித்ஸு. அன்றைக்கே பையன் முடிவு கட்டிவிட்டான்: உணர்ச்சி பொங்கினால்தானே ஆபத்து, பொங்கவே விடக்கூடாது. கோபம், அழுகை, சிரிப்பு எல்லாவற்றுக்கும் மூடி போட்டுவிட்டான். அடுப்பை அணைக்காமல் குக்கருக்கு மூடி மட்டும் போட்டால் என்ன ஆகும்? திரையில் அவ்வப்போது ஒரு சதவீதக் கணக்கு ஏறும். நூறைத் தொட்டால் வெடிப்பு. தொடர் தலைப்பில் இருக்கிற 100 அதுதான்.

நூறோடு முடிந்திருந்தால் இது சாதாரண சண்டைக் கதை. அவன் சுயநினைவு தப்பும்போது மட்டும் எண்ணுக்குப் பதிலாக மூன்று கேள்விக்குறி வரும். முதல் சீசனிலேயே டெருகி என்ற இன்னொரு சக்திக்காரப் பையனோடு நடக்கிற சண்டையில் அது எட்டிப் பார்க்கிறது. பள்ளிக்கூடம் பிய்ந்து வானத்துக்குப் போகிறது. கண் விழித்த மாப் தான் செய்ததைப் பார்த்து அழுகிறான். அந்தத் துக்கமும் நூறைத் தொடுகிறது. அதே சக்தியால் கட்டடத்தைத் திரும்பவும் ஒட்டவைக்கிறான். கேள்விக்குறியாக வந்தவன் வேறு யாரோ என்றுதான் பார்க்கிற நாமும் நினைக்கிறோம், அவனும் நினைக்கிறான்.

இங்கே மாமா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெய்கெனைப் பற்றிச் சொன்னேன். பேய் ஓட்டுகிறேன் என்று ஆபீஸ் வைத்து, சமையல் உப்பைத் தூவி ஊரை ஏமாற்றுகிற ஆள். சக்தி துளிகூடக் கிடையாது. மாப்புக்கு மணிக்கு 300 யென் கொடுத்து வேலை வாங்குகிறார், அநியாயக் கூலி. ஆனால் அந்தக் குழந்தை முதல்முதலாகப் பயத்தோடு யோசனை கேட்க வந்தபோது இந்த ஃபிராடு சொன்ன விஷயம் கதை முழுக்கத் தாங்குகிறது: அமானுஷ்ய சக்தியும் ஒரு குணம்தான், ஒருவன் வேகமாக ஓடுகிற மாதிரி, இன்னொருவன் நன்றாகப் படிக்கிற மாதிரி. அதனால் நீ ஒசத்தியும் இல்லை, தாழ்த்தியும் இல்லை. மனிதர்கள் மேல் அதைத் திருப்பாதே, நல்லவனாக இரு.

மாப் அதை அப்படியே பிடித்துக்கொண்டு பள்ளியில் உடற்பயிற்சிக் கிளப்பில் சேருகிறான். காரணம், சின்ன வயதிலிருந்தே மனதில் இருக்கிற த்சுபோமி என்ற பெண்ணுக்கு அவன் பொருள்களைப் பறக்கவிடுவதெல்லாம் அலுத்துப்போய் ரொம்ப நாளாகிறது. பத்தடி ஓடினால் விழுகிறான். தடித்தடியாக இருக்கிற அந்தக் கிளப் அண்ணன்மார் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை, தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்தவர்கள் அவர்கள்தான்.

"சரி, கடைசியில யாரை அடிக்கிறான்?"

யாரையும் இல்லை. த்சுபோமி ஊரை விட்டுப் போகிறாள் என்று தெரிந்து, பூங்கொத்தோடு மனதைச் சொல்லக் கிளம்புகிறான். வழியில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் காரில் அடிபடுகிறான். நினைவு தப்புகிறது; மூன்று கேள்விக்குறி எழுந்து அதே பூங்கொத்தோடு நடக்கிறது. சுற்றி நகரம் சுழல்காற்றில் பெயர்கிறது. நண்பர்கள் ஒவ்வொருவராகக் குறுக்கே வந்து தோற்கிறார்கள். உள்ளே இரண்டு மாப்புகளுக்கும் வாக்குவாதம். இத்தனை வருஷம் என்னைப் பூட்டிவைத்தாயே, நானும் நீதானே என்கிறான் அவன்.

வழக்கமாக இந்த இடத்தில் கதைகள் ஒரு வியாபாரம் செய்யும். இன்னொரு ஜப்பானியத் தொடரின் நாயகன் நருட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவனும் அருவிக்கு முன்னால் தன் இருண்ட பாதியைக் கட்டிக்கொள்கிறான், அழகான காட்சிதான். ஆனால் அடுத்தாற்போல உள்ளிருக்கிற ஒன்பது வால் நரியை அடக்கப் போகிறான், புதுப் பலம் வருகிறது. தன்னை ஏற்றுக்கொள்வது அங்கே ஒரு படிக்கட்டு. மாப்புக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை.

அவனை நிறுத்துவது சக்தியும் இல்லை. ரெய்கென் காற்றில் அடிபட்டுத் தடுமாறி நெருங்கி வந்து, எனக்குச் சக்தியே கிடையாது, உன்னிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஒரு பெரிய மனுஷன் தன் வெட்கத்தை எடுத்து முன்னால் வைத்த பிறகுதான் இந்தப் பையனாலும் தன்னுடையதைப் பார்க்க முடிகிறது. தம்பியை அடித்ததும் நான்தான், பூ வாங்கி வைத்திருப்பதும் நான்தான்.

படத்தின் தோற்றத்தையும் சொல்லவேண்டும். மூலக் காமிக்ஸை வரைந்தவர் 'ஒன்' என்ற புனைபெயர்க்காரர். 2012 முதல் 2017 வரை வந்தது. 'ஒன் பஞ்ச் மேன்' கதையும் இவருடையதே. கோடு கோணல்மாணலாக இருக்கும், பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கம் மாதிரி. 2016இல் போன்ஸ் ஸ்டூடியோவும் இயக்குநர் யூஸுரு தாச்சிகாவாவும் அனிமே ஆக்கியபோது அந்தக் கோணலை இஸ்திரி போடவில்லை. கண்ணாடிமேல் பெயின்ட் பூசி எடுத்த காட்சிகளைக்கூடச் சேர்த்தார்கள். மூன்றாவது சீசன் 2022 டிசம்பரில் முடிந்தது.

"அந்தப் பொண்ணு சரின்னுட்டாளா?"

"இல்ல மாமா. மாட்டேன்னுட்டா."

மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ஊரே சிதறி, இவ்வளவு தூரம் நடந்து வந்த பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்றார். அவள் சரி என்றிருந்தால் இதுவும் அந்த வியாபாரக் கணக்கில் சேர்ந்திருக்கும் என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்புறம் என்ன பண்ணான்?"

"அழுதான். கொஞ்ச நாள் கழிச்சு, ரெய்கெனைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறான். அதோட முடியுது."

"அதுக்கா நீ அழுத?"

டீ பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன்.