பழைய சைக்கிள் வாங்குமுன் போர்க்கைப் பாருங்கள்

பினாங்கு மாநிலத்தின் பத்து காவான், 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களையும் பின்னர் ரப்பர், தென்னை, செம்பனைத் தோட்டங்களையும் கண்ட பகுதியாகும். இன்று அங்கே தொழிற்பேட்டையும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துவிட்டன. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலம் அங்குதான் பெருநிலக் கரையை அடைகிறது. ஆயினும் தோட்டக் காலத்துச் சைக்கிள்கள் சில வீடுகளின் பின்புறத்தில் இன்னும் சாய்ந்து நிற்பதுண்டு. தாத்தா பால் வாளியைக் கட்டிச் சென்ற வண்டியைத் துடைத்துப் பேரனுக்குக் கொடுப்பதும், சில வெள்ளிக்குப் பிறருக்கு விற்பதும் நாம் காண்பதே.

அத்தகைய வண்டியில் முதலில் சோதிக்க வேண்டியது முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கையே. சங்கிலி அறுந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரலாம். போர்க் முறிந்தாலோ, கை ஊன்றவும் நேரமின்றி ஓட்டுபவரின் முகம் சாலையில் மோதும்.

வண்டியை நேராக நிறுத்திப் பக்கவாட்டில் இருந்து நோக்குக. ஹேண்டிலுக்குக் கீழேயுள்ள கழுத்துக் குழாயின் சாய்வும் போர்க்குக் கால்களின் மேற்பகுதியும் ஒரே கோட்டில் இருத்தல் வேண்டும். கீழே மட்டும் கால்கள் முன்னோக்கி வளைந்திருக்கும். மேற்பகுதி அக்கோட்டிற்குப் பின்னே தள்ளியிருப்பின், அவ்வண்டி எதன்மீதோ நேராக மோதியிருக்கிறது என்பது உறுதி. அவ்வாறாயின் கழுத்துக் குழாயை ஒட்டிய சட்டக் குழாய்களின் அடிப்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்கவும். அங்கே வர்ணம் சுருங்கியோ, உலோகம் புடைத்தோ இருந்தால் சட்டமும் கெட்டுவிட்டது. அவ்வண்டியை விட்டுவிடுவதே நலம்.

அடுத்து முன்னால் நின்று பாருங்கள். சக்கரம் ஒரு காலை நெருங்கி நின்றால் குற்றம் போர்க்கிலா, சக்கரத்திலா என்ற ஐயம் எழும். சக்கரத்தைக் கழற்றி, இடவலம் மாற்றிப் பூட்டினால் விடை கிடைத்துவிடும். முன்பு நெருங்கிய அதே காலை மீண்டும் நெருங்கினால் போர்க் வளைந்துள்ளது. மறுகாலை நெருங்கினால் சக்கரத்தின் கம்பிகளைச் சரிசெய்தால் போதும்.

கழுத்தையும் மறத்தலாகாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது கழுத்தில் ஆட்டம் தெரிந்தால் குண்டுகள் தளர்ந்துள்ளன. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புகையில், நேராக வரும் இடத்தில் மட்டும் அது பள்ளத்தில் விழுந்தாற்போல் நின்றால், குண்டுகள் உருளும் கிண்ணங்களில் குழி விழுந்துவிட்டது. கிண்ணங்களையும் குண்டுகளையும் மாற்றினால் இக்குறை தீரும். போர்க்கை வீசியெறிய வேண்டியதில்லை.

துருவோ மறைந்திருந்து கெடுப்பது. கடற்காற்றின் உப்பு, உர மூட்டை, ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் ஆகியவை யாவும் எஃகை அரிப்பவை. கழுத்துக் குழாய்க்குள் மறைந்திருக்கும் போர்க்குத் தண்டை வெளியே எடுத்தாலன்றி அதன் நிலை புலப்படாது. தண்டின் அடியிலும், கால்கள் வந்து சேரும் தோளிலும் மண்ணெண்ணெய் இட்டுத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்கவும். மயிரிழை போன்ற விரிசல் ஒன்று தென்பட்டாலும் அந்தப் போர்க் உதவாது. புது வர்ணத்தைக் கண்டு மயங்க வேண்டா. வர்ணம் உரிந்த வண்டியே உண்மையை மறைக்காத வண்டி என்பது எமது கருத்து.

வளைந்ததை நிமிர்த்தித் தருவதாகவும், விரிசலுக்குப் பற்றவைத்துத் தருவதாகவும் சொல்பவர் உண்டு. மடிந்து நிமிர்ந்த எஃகு முன்போல் வலுவுடையதன்று. பற்றவைத்த இடத்தின் அருகிலேயே மீண்டும் முறிவு தொடங்கலாம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை அதன்மேல் ஏற்றுவது தகாது.

மாற்றுப் போர்க் வாங்கச் செல்பவர் பழையதையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். தண்டின் நீளமும் சக்கரத்தின் அளவும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. பழைய ராலி வண்டிகள் பலவற்றின் தண்டில் அங்குலத்திற்கு 26 மரைகள் இருக்கும். பிற வண்டிகள் பெரும்பாலானவற்றில் 24 மரைகளே. பழைய கழுத்து நட்டு புதிய தண்டில் கையாலேயே தடையின்றி ஏறுகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.